பிறந்த வீட்டைக் கேட்கிறீர்கள்; சோறு போட்ட வேலையையும் கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் அரசியல் பேசிய தமிழ் எழுத்தாளர்களும் அறிஞர்களும் எந்த மாதிரி வீடுகளிலிருந்து வந்தார்கள், எல்லாரும் ஆங்கிலம் படித்த வசதியான வீட்டுப் பிள்ளைகள்தானா, தோட்டத்து லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து) வந்தவர் யாருமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தாத்தா பாட்டி பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர்கள் என்றும் நீங்கள் இப்போது பினாங்கில் முதுகலை படிக்கிறீர்கள் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு இது வெறும் பெயர்ப்பட்டியல் கேட்கும் கேள்வியாக எனக்குப் படவில்லை. நம் வீடுகளைப் போன்ற வீட்டிலிருந்து வந்த ஒருவர் இந்த நாட்டில் படித்து, எழுதி, அதிகாரத்தில் இருப்பவர்களை எதிர்த்தும் பேசி, தலை நிமிர்ந்து வாழ முடிந்திருக்கிறதா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன்.

நான் வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. கோலாலம்பூரில் ஒரு நூலகத்தின் தமிழ்ப் பிரிவில் பல ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவள். பழைய தமிழ் நாளிதழ்களையும் சங்கங்களின் சிறப்பு மலர்களையும் ஒழுங்குபடுத்துவதும், ஆய்வு மாணவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும்தான் என் வேலையாக இருந்தது. அதனால் தீபகற்பத்தில் தமிழில் அச்சானதைப் பற்றி நம்பிக்கையோடு பேசுவேன். மலாய், சீன எழுத்துலகம் பற்றி நான் சொல்வதைப் பக்கத்து வீட்டுக்காரி சொல்வதாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நேரடியாகவே சொல்கிறேன். 'எங்கே பிறந்தார்' என்ற கேள்வி உங்களைப் பாதித் தூரம்தான் கொண்டுபோகும். மீதிப் பாதிக்கு, மாதச் சம்பளம் யாரிடமிருந்து வந்தது, கையில் எந்த நாட்டுக் குடியுரிமை இருந்தது என்று கேட்க வேண்டும். ஒருவர் எதை எழுதினார், எந்த வயதில் எழுதினார், எந்த மொழியில் எழுதினார், எதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதையெல்லாம் பிறந்த வீட்டைவிட இந்த இரண்டும்தான் தீர்மானித்திருக்கின்றன. பழைய பக்கங்களைப் புரட்டிப் புரட்டி எனக்கு வந்த முடிவு இது. ஆளாளாகப் பார்த்தால் விளங்கும்.

1941 மே மாதத்துக் கிள்ளான் வேலைநிறுத்தத்திலிருந்து தொடங்குகிறேன். அதற்குத் தலைமை தாங்கிய ஆர். எச். நாதன், 1924 முதல் கோலாலம்பூரில் வெளிவந்துகொண்டிருந்த 'தமிழ் நேசன்' நாளிதழின் துணை ஆசிரியர்களில் ஒருவர். அவர் மரம் வெட்டியவர் இல்லை. பேனா பிடித்துப் பிழைத்தவர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியாகத் தோட்டத் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் படித்துப் பாருங்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை இந்தியத் தொழிலாளிக்கும் கொடு, கொடுமை செய்யும் கிராணிகளை (தோட்டத்து எழுத்தர்களை) மாற்று, தோட்டத்துக் கள்ளுக்கடையை மூடு, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம் கொடு, பெண்களிடம் மேலதிகாரிகள் தகாத முறையில் நடப்பதை நிறுத்து, உறவினர் தோட்டத்துக்குள் வந்து பார்த்துவிட்டுப் போகத் தடை போடாதே. இவற்றோடு இன்னொன்றும் இருந்தது: துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம். இந்தக் கடைசிக் கோரிக்கையை நான் மாணவர்களிடம் எப்போதும் எடுத்துக் காட்டுவேன். கூலியும் பள்ளியும் கேட்பதற்கு வெளியிலிருந்து வந்த படித்தவர் ஒருவர் சொல்லிக் கொடுத்திருக்கலாம். சைக்கிளிலிருந்து இறங்கி நிற்பதன் அவமானத்தை அந்த மண் சாலையில் நாள்தோறும் இறங்கி ஏறியவர்தான் பட்டியலில் சேர்த்திருக்க முடியும். அந்தக் கோரிக்கைகளை எழுதிய கையில் லயத்துக் கையும் ஒன்று என்று நான் நம்புவது இதனால்தான். இது என் ஊகம். ஆவணம் சொல்வது கோரிக்கையை மட்டும்.

மே 5ஆம் தேதி நாதனைக் கைது செய்தார்கள். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுக்கப் பரவியது, ராணுவம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். அவர் இங்கே பிறந்த குடிமகனாக இருந்திருந்தால் சிறையில் போட்டிருப்பார்கள். பிறகு ஒருநாள் வெளியே வந்து மறுபடியும் எழுதியிருப்பார். கப்பல் ஏற்றிவிட்டதால் அந்த எழுத்து வாழ்க்கை மலாயாவைப் பொறுத்தவரை அங்கேயே முடிந்துபோயிற்று. போருக்கு முன்பு தமிழ்ப் பத்திரிகையில் வேலை பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். துணிந்து எழுதிய ஒவ்வொருவர் தலைக்கு மேலும் இந்தக் கப்பல் நின்றுகொண்டிருந்தது.

போருக்குப் பிறகு வந்த பெயர், எஸ். ஏ. கணபதி. 'மலாயா கணபதி' என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்வார்கள். தஞ்சைப் பக்கத்துத் தம்பிக்கோட்டையில் பிறந்து சிறு வயதிலேயே இங்கே வந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் பயிற்சி அளித்தவர்; பிறகு அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். 1948 ஜூனில் சட்டத்தைத் திருத்தி அந்தச் சம்மேளனத்தையே இல்லாமல் ஆக்கினார்கள். துப்பாக்கி வைத்திருந்தார் என்ற குற்றச்சாட்டில் 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அதற்கு முதல் நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். தேதிகளும் தண்டனையும் உறுதியானவை. துப்பாக்கி எப்படி அவர் கைக்கு வந்தது என்பதில்தான் இன்றுவரை இரண்டு கதை. தற்செயலாகக் கிடைத்ததைப் போலீசில் ஒப்படைக்கப் போய்க்கொண்டிருந்தார் என்பது அவர் தரப்பு. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மேடைகளில் இவற்றில் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆய்வு எழுதும் நீங்கள் இரண்டையும் எழுத வேண்டும்.

இதே காலத்தில், அதே மாதிரி கப்பலில் வந்து, கடைசிவரை பேசிக்கொண்டே இருந்த ஒருவரும் உண்டு. கோ. சாரங்கபாணி 1903இல் திருவாரூரில் பிறந்து 1924இல் சிங்கப்பூருக்கு வந்தவர். பெரிய சொத்துள்ள வீடு இல்லை. கணக்கு எழுதும் வேலையில் சேர்ந்தார். பெரியார் 1929 டிசம்பரில் பினாங்கில் வந்து இறங்கி மலாயா முழுக்கச் சுற்றியபோது எழுந்த சுயமரியாதை அலையில் முன்னுக்கு வந்தவர்களில் இவர் ஒருவர். 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் வார இதழாகத் தொடங்கிய 'தமிழ் முரசு' பிறகு அவர் கைக்கு வந்து நாளிதழாக வளர்ந்தது. அவரை ஏன் அடக்க முடியவில்லை என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அச்சகம் அவருடையது, பத்திரிகை அவருடையது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அவர் சட்டத்துக்குள் நின்று கேட்கத் தெரிந்தவர். ஐம்பதுகளில் 'குடியுரிமை எடுங்கள், எடுங்கள்' என்று தமிழர்களிடம் அவர் சலிக்காமல் எழுதினார். அன்று அது பலருக்கு உப்புச்சப்பில்லாத செய்தியாகத் தெரிந்திருக்கும். 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாத தோட்டத் தொழிலாளர்கள் குடும்பம் குடும்பமாக நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் கப்பல் ஏறியபோதுதான் அவர் எழுதியதன் கனம் விளங்கியது.

சாரங்கபாணி செய்த இன்னொரு காரியம் நேராக உங்களைத் தொடுகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையப் போகிறது என்றதும் அங்கே சமஸ்கிருதமா, தமிழா என்று ஒரு பெரிய வழக்கு எழுந்தது. தமிழே வேண்டும் என்று அவர் பத்திரிகையில் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் துறையின் நூலகத்துக்கு நிதி திரட்டினார். பெரிய மனிதர்களின் காசோலைக்காகக் காத்திருக்காமல் சாதாரணத் தொழிலாளியிடம் கை நீட்டினார். 1956இல் துறை சிங்கப்பூரில் தொடங்கியது. பிறகு கோலாலம்பூருக்கு வந்தது. தோட்டத்திலிருந்து அறிஞர் வந்தாரா என்று கேட்கிறீர்கள். அறிஞர் வருவதற்கு முன்பே புத்தகம் வாங்கப் பணம் வந்துவிட்டது, தம்பி. பேர் தெரியாத எத்தனையோ பேருடைய அரை நாள் கூலி அந்த அலமாரிகளில் இருக்கிறது. இதையும் 'அரசியல் ஈடுபாடு' என்ற கணக்கில் நீங்கள் சேர்க்காவிட்டால் உங்கள் ஆய்வு குறையுள்ளதாகிவிடும் என்பது என் உறுதியான கருத்து.

இனி, நீங்கள் சந்தேகப்படும் ஆங்கிலம் படித்தவர்கள். ஆம், அவர்கள் இருந்தார்கள், முன்வரிசையிலும் இருந்தார்கள். பினாங்கில் வழக்கறிஞராக இருந்த என். ராகவன், மலாயா இந்தியர் மத்தியச் சங்கத்தை நடத்தியவர்களில் ஒருவர். பிறகு நேதாஜியின் சுதந்திர இந்திய அரசில் அமைச்சர். அதன்பின் இந்தியத் தூதர். 1954இல் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் சோசலிஸ்ட் மன்ற மாணவர்கள் எட்டுப் பேர் மீது, 'ஃபஜார்' என்ற இதழில் வந்த தலையங்கத்துக்காக ராஜதுரோக வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஜேம்ஸ் புதுச்சேரியும் எம். கே. ராஜகுமாரும் உண்டு. வழக்கு தள்ளுபடியாயிற்று. ஜேம்ஸ் புதுச்சேரி கேரளத்தில் பிறந்த மலையாளி, இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். மலாயாப் பொருளாதாரம் யார் கையில் இருக்கிறது என்று கணக்கோடு காட்டிய நூலைச் சிறையில் இருந்தபோது எழுதினார். அது 1960இல் வெளிவந்தது. 1963இல் மறுபடியும் பிடித்து, சிங்கப்பூருக்குள் நுழையவே தடை போட்டார்கள். கோலாலம்பூரில் வழக்கறிஞராக வாழ்ந்து 2000இல் காலமானார். ராஜகுமார் மருத்துவர். தொழிலாளர் கட்சியின் முன்னணித் தலைவராக இருந்தார், பின்னாளில் மலேசிய மருத்துவச் சங்கத் தலைவராகவும் ஆனார். இவர்களுக்கெல்லாம் ஒரு பொது அம்சம் உண்டு. வெளியே வந்ததும் கிளினிக் வைக்கலாம், வக்கீல் கோட்டு மாட்டலாம். வேலையைவிட்டு நீக்க முதலாளி என்று ஒருவர் இல்லை. அவர்களுடைய தைரியத்தை நான் குறைத்துப் பேசவில்லை. சிறை சிறைதான். ஆனால் சிறைக்குப் பிறகு பிள்ளை குட்டிகளுக்குச் சோறு இருந்தது. தோட்டத்துத் தமிழாசிரியருக்கு அது இல்லை.

தமிழாசிரியர்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இந்த நாட்டுத் தமிழ் எழுத்தின் முதுகெலும்பு அவர்கள்தான். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஏழிலிருந்து பதினான்கு வயதுக்குள் பத்துப் பிள்ளைகள் இருந்தாலே தோட்ட நிர்வாகம் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும். சட்டம் நல்ல சட்டம். நடந்தது என்னவென்றால், பல தோட்டங்களில் ஸ்டோருக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகை, எல்லா வகுப்புக்கும் ஒரே வாத்தியார். அவரே கங்காணியாகவோ கிராணியின் கையாளாகவோ இருப்பதும் உண்டு. ஆறாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதற்கு மேல் தமிழில் படிக்க ஒரே வழி, ஆசிரியர் பயிற்சி. அதனால் படிக்கத் துடித்த தோட்டத்துப் பிள்ளைக்கு எட்டிய உயரமான கிளை தமிழ்ப்பள்ளி ஆசிரியர் வேலை. 1950 வாக்கில் 'தமிழ் நேசன்' சுப. நாராயணனையும் பைரோஜி நாராயணனையும் வைத்துக் 'கதை வகுப்பு' நடத்தியபோது எழுதப் பழகிய தலைமுறையிலும், அதன் பிறகு வந்த தலைமுறையிலும் ஆசிரியர்கள் நிறைய இருப்பதற்கு இதுதான் காரணம். ஆகவே உங்கள் 'தோட்டத்திலிருந்து வந்தவர் யாருமே இல்லையா' என்ற கேள்விக்கு விடை: தமிழில் எழுதியவர்களைப் பார்த்தால், திரும்பிய பக்கமெல்லாம் அவர்கள்தான்.

அப்படியென்றால் அவர்கள் ஏன் அரசியல் எழுத்தாளர்களாக உங்கள் கண்ணில் படவில்லை? ஆசிரியருக்கு அரசாங்கச் சம்பளம். ஆளும் கூட்டணியில் இருந்த ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸின்) கிளைக் கூட்டத்தில் முன்வரிசையில் உட்காருவதற்குப் பெரிதாக யாரும் தடை சொல்லவில்லை. மாற்றிப் பேசினால்தான் இடமாற்றக் கடிதம் வரும் என்ற பயம். பயம் எல்லா இடத்திலும் நியாயமானதா, கொஞ்சம் ஊதிப் பெருக்கப்பட்டதா என்று என்னால் தீர்த்துச் சொல்ல முடியாது. பயம் இருந்தது என்பது நிச்சயம். அதனால் அவர்களுடைய அரசியல் கதைக்குள் போயிற்று. கங்காணியின் அட்டூழியம், தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடலில் வேலை போன குடும்பம், குடியுரிமை இல்லாமல் திரும்பிப் போன பாட்டி என்று சிறுகதை சிறுகதையாக எழுதினார்கள். கட்டுரையாக எழுதினால் கேள்வி வரும். கதையாக எழுதினால் வராது. அ. ரெங்கசாமியை எடுத்துக்கொள்ளுங்கள். 1930இல் பிறந்தவர், தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்தவர். சயாம் மரண ரயில், ஜப்பானியர் காலம், கம்யூனிஸ்டுகளின் காடு, இந்திய தேசிய ராணுவம் என்று இந்த மண்ணின் அரசியல் வரலாற்றையே நாவல் நாவலாக எழுதினார். அந்த நாவல்களில் பெரும்பாலானவை வந்தது 2000க்குப் பிறகு, பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து. ஓய்வூதியம் கைக்கு வந்த பிறகு எழுத்து விடுதலையாகிறது என்று இதிலிருந்து நான் பொதுவிதி செய்துவிட மாட்டேன். எழுதுவதற்கு நேரம் கிடைத்தது என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் மற்ற ஆசிரிய எழுத்தாளர்களின் நூல் பட்டியலையும் ஓய்வு பெற்ற ஆண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். யாராவது ஒருவர் இதை முறையாகச் செய்ய வேண்டும் என்று நீண்ட நாளாக ஆசைப்படுகிறேன்.

அரசாங்கச் சம்பளத்தில் இருந்துகொண்டே நேராக மோதியவர்கள் இல்லாமல் இல்லை. ராசம்மா பூபாலன், 1927இல் பிறந்தவர், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்து பர்மாவரை போய் வந்தவர். ஆசிரியையாகி, 1960இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி, ஆணுக்குச் சமமான சம்பளம் கேட்டுப் போராடியவர். தனி ஒருத்தியாக எழுதியிருந்தால் ஒரு கடிதத்தில் அடக்கியிருப்பார்கள். சங்கமாகக் கேட்டதால் அரசாங்கம் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனால் அவர் ஆங்கிலப் பள்ளி ஆசிரியை. கோலாலம்பூர் மெதடிஸ்ட் பெண்கள் பள்ளியில் பிற்காலத்தில் தலைமையாசிரியராக இருந்தவர். தோட்டத்தில் மலையடிவாரப் பள்ளியில் ஒற்றை ஆளாக இருந்த தமிழாசிரியைக்கு அந்தப் பக்கபலம் இருந்ததா என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நீங்கள் பினாங்கில் இருப்பதால் ஒரு ஊரைச் சொல்கிறேன். பாலம் தாண்டி வடக்கே போனால் சுங்கைப்பட்டாணி, அதற்கும் மேலே பீடோங். சின்ன ஊர், சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்களாக இருந்த இடம். 1940இல் ரெ. கார்த்திகேசு அங்கே பிறந்தார், 1942இல் கே. எஸ். மணியம் பிறந்தார், 1947இல் சந்திரா முசாஃபர் பிறந்தார். ஏழாண்டு இடைவெளிக்குள் மூன்று பேர். மூவர் போன பாதையும் மூன்று. கார்த்திகேசு வானொலி தொலைக்காட்சியில் பணியாற்றி, பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, தமிழிலேயே நாவல்களும் சிறுகதைகளும் எழுதி 2016இல் மறைந்தார். மணியத்தின் தந்தை மருத்துவமனையில் சலவைத் தொழிலாளி. குடும்பம் மருத்துவமனை வளாகத்திலேயே குடியிருந்தது. ஓராண்டு தமிழ்ப்பள்ளி, பிறகு சுங்கைப்பட்டாணியில் ஆங்கிலப் பள்ளி. ஆங்கிலத்தில் எழுதினார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார், 2020இல் காலமானார். அவர் எழுதியதெல்லாம் அந்தச் சலவைக்காரர் வீட்டையும் பக்கத்துத் தோட்டத்து மனிதர்களையும்தான். ஆனால் அந்தத் தோட்டத்து மனிதர்கள் அதைப் படிக்க முடியவில்லை; தமிழ்ப்பள்ளியிலேயே தொடர்ந்திருந்தால் அவர் எழுத்து லண்டன்வரை போயிருக்காது. எது நஷ்டம், எது லாபம் என்று எனக்கு இன்றும் மனம் ஒருப்படவில்லை. சந்திரா முசாஃபர் அரசியல் அறிவியல் படித்து, அதே அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1970 முதல் கற்பித்தார். 1977இல் பினாங்கில் 'அலிரான்' இயக்கத்தைத் தொடங்கினார். 1983இல் பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டு முழு நேரமும் அந்த இயக்கத்தில் இறங்கினார். 1987 அக்டோபரில் ஓப்பராசி லாலாங் என்ற அரசாங்கக் கைது நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அவரையும், விசாரணையின்றித் தடுத்து வைக்கும் இசா (உள்நாட்டுப் பாதுகாப்பு) சட்டத்தில் பிடித்தார்கள்.

அதே பீடோங்கில்தான் 1947இல் ஹார்வர்ட் தோட்டத்தில் தொண்டர் படை என்ற தோட்டத்து இளைஞர் அமைப்பின் கள்ளெதிர்ப்பு மறியலும் வேலைநிறுத்தமும் நடந்து, போலீஸ் அடக்குமுறையில் முடிந்தன. அந்தக் கொந்தளிப்பு இந்த மூன்று பிள்ளைகளின் வளர்ப்பில் கலந்தது என்று எழுதிவிடக் கை துடிக்கும். எழுதாதீர்கள். மூவரும் அங்கே பிறந்தார்கள் என்பது உண்மை, அந்தப் போராட்டம் நடந்தது உண்மை. இரண்டையும் கட்டும் கயிறு அவரவர் எழுத்திலோ பேட்டியிலோ கிடைத்தால் மட்டும் கட்டுங்கள்.

பல்கலைக்கழகம் என்றதும் பாதுகாப்பான இடம் என்று நினைத்துவிட வேண்டாம். தனிநாயகம் அடிகளார் 1913இல் யாழ்ப்பாணம் ஊர்காவற்றுறைப் பக்கத்துக் கரம்பனில் பிறந்த கத்தோலிக்கத் துறவி. இலங்கையில் தமிழின் உரிமைக்காக வெளிப்படையாகப் பேசியவர். 1961இல் மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு வந்து இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்றார். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்திக் காட்டினார். துங்கு அப்துல் ரஹ்மான் திறந்து வைத்தார், தமிழ்நாட்டு முதலமைச்சர் பக்தவத்சலம் வந்திருந்தார். அயல்நாட்டிலிருந்து வந்து வேலை பார்த்த ஒருவர், கட்சி அரசியல் பக்கமே போகாமல், ஆய்வு மாநாடு ஒன்றின் வழியாக ஒரு மொழிக்கு உலக அரங்கில் இடம் கேட்டார். அவருக்குப் பின்னால் திருச்சபை இருந்தது, மனைவி மக்கள் இல்லை. இதுவும் ஒரு பின்னணிதான். மலேசிய இந்தியர் வரலாற்றை எழுதிய சின்னப்பா அரசரத்தினமும் யாழ்ப்பாணத்தவர்தான். மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்துவிட்டு எழுபதுகளில் ஆஸ்திரேலியா போய்விட்டார்.

1971இல், மாணவர்களின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்திய பல்கலைக்கழகங்கள் சட்டம் வந்தது. 1974 பாலிங் விவசாயிகள் போராட்டத்துக்குப் பிறகு 1975இல் அது இன்னும் இறுக்கப்பட்டது. அந்தப் போராட்டத்தை ஒட்டி மானுடவியல் பேராசிரியர் சையத் உசேன் அலி 1974 முதல் 1980 வரை விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார். அதற்குப் பிறகு சிறையைவிட எளிமையான முறை ஒன்று பழக்கத்துக்கு வந்தது: ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது. பின்னாளில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சந்திரா முசாஃபருக்கு 1999இல் அப்படி நடந்தது. தோட்டத் தொழிலாளர் பற்றி முக்கியமான ஆய்வு நூல் எழுதிய பேராசிரியர் பி. ராமசாமிக்கு 2005இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் நடந்தது. ராமசாமி தேர்தலில் நின்று 2008இல் பினாங்கின் இரண்டாம் துணை முதல்வரானார். இருவர் விஷயத்திலும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை என்பது பதிவான செய்தி. அரசியலே காரணம் என்று பலரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பதையும் நிரூபிக்கப்பட்டதையும் ஆய்வேட்டில் ஒரே வாக்கியத்தில் போடக் கூடாது.

ஆதாரங்களைப் பற்றி எச்சரிக்கை ஒன்று. நம்மவர் வாழ்க்கைக் குறிப்புகள் பெரும்பாலும் சங்கங்களின் வெள்ளிவிழா மலர், பொன்விழா மலர், மறைவுச் செய்தி ஆகியவற்றில்தான் இருக்கின்றன. அவற்றில் எல்லாரும் வறுமையில் பிறந்து, விளக்கு வெளிச்சத்தில் படித்து, உழைப்பால் உயர்ந்தவர்கள். சிலர் உண்மையிலேயே அப்படித்தான். சிலருடைய தகப்பனார் தோட்டத்தில் கிராணி, கையில் மாதச் சம்பளம், வீட்டில் சைக்கிள். லயத்துக்கும் கிராணி வீட்டுக்கும் நூறு கஜம்தான் தூரம், ஆனால் 1941 கோரிக்கைகளில் 'மாற்று' என்று சொல்லப்பட்டது அந்தக் கிராணியைத்தான். 'தோட்டத்தில் பிறந்தவர்' என்ற இரண்டு சொல் இந்த வித்தியாசத்தை மறைத்துவிடும். பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு கிடைத்தால் தகப்பனார் தொழில் என்ற கட்டத்தைப் பாருங்கள். சாதியைப் பற்றி மலர்கள் வாயே திறக்காது. சுயமரியாதை இயக்கத்தின் நல்ல விளைவாகப் பலர் சாதிப் பெயரை விட்டார்கள். மறைக்க வேண்டிய அவசியத்தால் விட்டவர்களும் இருப்பார்கள். ஊர்ப் பெயரை வைத்து ஊகிக்காதீர்கள். குடும்பத்தார் தாமாகச் சொன்னால் எழுதுங்கள். பெண்களைப் பொறுத்தவரை மலர்கள் இன்னும் மோசம். கணவர் பெயர் இருக்கும், எந்தப் பள்ளியில் படித்தார், என்ன சம்பளம் வாங்கினார் என்பது இருக்காது. பெண் எழுத்தாளர்களைப் பற்றி இந்தப் பதிலில் நான் குறைவாகச் சொல்லியிருப்பதற்கு அதுவும் காரணம்.

உங்கள் சொந்தக் கேள்விக்கு வருகிறேன். மாணவர்கள் அரசியல் கட்சியில் சேர இருந்த தடை 2012இல் தளர்ந்தது, 2018இல் மேலும் தளர்ந்தது. தாத்தா பாட்டிக்கு இல்லாத குடியுரிமை உங்களுக்கு இருக்கிறது. கப்பல் பயம் இல்லை. மிச்சம் இருப்பது சம்பளக் கேள்வி. உதவித்தொகை ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு யாருக்கு வேலை செய்யக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள் என்று ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எழுத நினைப்பதை அதற்குத் தக்கபடி வரிசைப்படுத்துங்கள். ஆய்வுக்குத் தலைப்பு இன்னும் முடிவாகவில்லை என்றால், கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு வந்து 1941ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதத்துத் தமிழ் நாளிதழ்களையும், கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றிய அரசாங்கக் கோப்புகளையும் கேளுங்கள். மைக்ரோஃபிலிம் இயந்திரத்துக்கு முன்பதிவு வேண்டியிருக்கும், காலையிலேயே வந்துவிடுங்கள். தலையங்கத்தை விட்டுவிட்டு வாசகர் கடிதங்களையும் தோட்டத்துச் செய்திகளையும் முதலில் படியுங்கள். எழுதியவர் பெயருக்குக் கீழே தோட்டத்தின் பெயர் இருக்கும் இடங்களையெல்லாம் ஒரு தாளில் குறித்துக்கொண்டே போங்கள்.